அடித்தளம் ஆட்டம் போட்டா மேல எது போட்டாலும் வேஸ்ட்: மேடு பள்ளமான கான்கிரீட்டைச் சரி பண்றது எப்படி?

மே மாசம் மத்தியானம் 3 மணிக்கு உங்க வீட்டு மாடி ரூம்ல படுத்துப் பார்த்திருக்கீங்களா? ஃபேன் ஓடும், ஆனா அனல் காத்துதான் வரும். ராத்திரி 11 மணிக்குக்கூட மேல் தளத்தைத் தொட்டா தோசைக்கல் மாதிரி இருக்கும். எங்க ஊர் நைனார்பாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் தாலுகா. அங்க எங்க பெரியப்பா வீட்டு மாடி ரூம் இப்படித்தான் இருந்துச்சு. கீழ இடம் பத்தாம ஆயா மாடி ரூமுக்குப் போனாங்க. போன வருஷம் கோடையில ரெண்டு நாள் தலைசுத்தி விழுந்துட்டாங்க. அன்னைக்கே பெரியப்பா, "ஏம்மா, நீ சிவில்தானே படிக்கற? இதுக்கு என்ன வழின்னு சொல்லு"ன்னு கேட்டாரு.

நாலு வருஷம் படிச்சதுக்கு முதல்முறையா ஒருத்தர் என்கிட்ட கேட்ட நிஜமான கேள்வி. "இன்சுலேஷன் போர்டு போடலாம் பெரியப்பா"ன்னு கெத்தா சொல்லிட்டேன். லீவுக்கு ஊருக்குப் போய் மாடி ஏறிப் பார்த்தப்பதான் பிரச்சனை போர்டுல இல்ல, அதுக்குக் கீழ இருக்கற கான்கிரீட்லன்னு புரிஞ்சுது. இந்தக் கட்டுரை அந்தக் கான்கிரீட்டைப் பத்தினதுதான். நீங்க மெக்கானிக்கலோ ஐ.டி.யோ, எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் படிக்கலாம். என்னைக்காவது ஒருநாள் நீங்களும் வீடு கட்டத்தானே போறீங்க!

முதல்ல, ஏன் இன்சுலேஷன்?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். கூரை வழியா வெப்பம் எவ்வளவு சுலபமா உள்ள வருதுங்கறதைச் சொல்ற எண்ணுக்கு 'யு வேல்யூ'ன்னு பேரு. ஒரு சதுர மீட்டர்ல, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்குதுங்கறதுதான் அது. எவ்வளவு குறைவா இருக்கோ அவ்வளவு நல்லது.

150 மி.மீ கனமுள்ள வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது சுமார் 3.3 வரும். அதுமேல 25 மி.மீ எக்ஸ்.பி.எஸ் போர்டு போட்டா 1-க்குக் கொஞ்சம் கீழ வந்துடும். 50 மி.மீ போட்டா சுமார் 0.6. அதாவது வெறும் தளத்துல வர்ற வெப்பத்துல அஞ்சுல ஒரு பங்குக்கும் குறைவு. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018-ல கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதி, கூரையோட யு வேல்யூ 1.2-ஐத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம ஊர்ல இருக்கற வெறும் தளம் ஒண்ணுகூட இதுல பாஸ் ஆகாது.

எக்ஸ்.பி.எஸ்ங்கறது தெர்மாகோலோட அண்ணன் மாதிரி. ரெண்டும் ஒரே பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோல்ல குட்டிக் குட்டி உருண்டைகள் ஒட்டியிருக்கும், இடையில தண்ணி நுழையும். எக்ஸ்.பி.எஸ் ஒரே பிசிரா இழுத்து எடுத்தது. உள்ள இருக்கற அறைகள் மூடியிருக்கறதால தண்ணி அவ்வளவா ஏறாது, கெட்டியாவும் இருக்கும். அதனாலதான் மொட்டை மாடிக்கு இது பொருத்தம்.

போடற வரிசை இதுதான்: கான்கிரீட் தளம், அதுமேல வாட்டர் ப்ரூஃபிங், அதுமேல போர்டு, அதுமேல ஒரு பிரிப்புத் துணி, அதுமேல கோழிவலை வெச்ச 50 மி.மீ ஸ்கிரீட், கடைசியா வெள்ளை டைல்ஸ். ஸ்கிரீட்ன்னா வேற ஒண்ணும் இல்ல, மேல போடற காரைத் தளம்தான்.

பள்ளம் இருந்தா என்ன ஆகும்?

எங்க பெரியப்பா வீட்டுத் தளம் 600 சதுர அடி. கட்டும்போது காசு பத்தாததால சுருக்கி, தட்டோடு எதுவும் போடாம வெறும் தளமா விட்டுட்டாங்க. மழை பெய்ஞ்சா மூணு இடத்துல குளம் கட்டும். இன்னொரு பக்கம் கான்கிரீட் திமில் மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும்.

வேலைக்கு வந்த மேஸ்திரி பாத்துட்டு, "முதல்ல தளத்தைச் சரி பண்ணணும் பாப்பா"ன்னாரு. பெரியப்பாவுக்கு அது வெட்டிச் செலவுன்னு தோணுச்சு. "மேல கலவை போடத்தானே போறீங்க, அதுலயே சரி பண்ணிக்கலாமே?" இது ரொம்ப நியாயமா தெரியற கேள்வி. நிறைய வீட்டுல இப்படித்தான் செய்யறாங்க. ஆனா அது ஏன் தப்புன்னு பாருங்க.

ஒண்ணு, போர்டு ஆடும். போர்டு 1250-க்கு 600 மி.மீ அளவுல வரும், வளையாது. மேடு பள்ளத்துல வெச்சா ஒரு கால் குட்டையான நாலு கால் ஸ்டூல் மாதிரி ஆடும். அதுமேல ஸ்கிரீட் போட்டா, கீழ வெற்றிடம் இருக்கற இடத்துல ஸ்கிரீட் பாலம் மாதிரி அந்தரத்துல நிக்கும். 50 மி.மீ காரை பாலமா நிக்கறதுக்கானது இல்ல. மேல ஒரு ஆள் நடந்தா, ஒரு ட்ரம் வெச்சா, மக்காச்சோள மூட்டை இறக்கினா, டப்புன்னு விரிசல். விரிசல் வழியா தண்ணி. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

ரெண்டு, ஸ்கிரீட் கனம் மாறும். மேட்டுல 30 மி.மீ, பள்ளத்துல 75 மி.மீ. மெலிசான இடம் சீக்கிரம் காஞ்சு சுருங்கும், கனமான இடம் மெதுவா சுருங்கும். ரெண்டும் சேர்ற இடத்துல கிழியும்.

மூணு, தண்ணி கீழ தேங்கும். போர்டு இணைப்பு வழியா இறங்கற மழைத் தண்ணி அடித்தளப் பள்ளத்துல நிக்கும். வெயில் அங்க படாது, அதனால காயவே காயாது. இன்னொரு வேடிக்கை, போர்டு மிதக்கப் பார்க்கும். 50 மி.மீ கனமுள்ள ஒரு சதுர மீட்டர் போர்டு முழுசா தண்ணில முங்கினா 50 லிட்டர் தண்ணியைத் தள்ளும். அதோட சொந்த எடை ரெண்டு கிலோகூட இல்ல. அப்போ சுமார் 48 கிலோ மேல தூக்கற விசை! ஆர்க்கிமிடீஸ் எட்டாம் கிளாஸோட போயிட்டாருன்னு நினைச்சீங்களா? மேல இருக்கற 50 மி.மீ ஸ்கிரீட் சதுர மீட்டருக்கு 105 கிலோ வரும், அது அமுக்கிப் பிடிச்சுக்கும். ஆனா ஸ்கிரீட் போடறதுக்கு முன்னாடி மழை வந்தா போர்டெல்லாம் படகு விடும்.

குளிர் நாட்டுக்காரங்களுக்கும் இதே தலைவலிதான்

இதே வேலையை ஐரோப்பாவுல, கனடாவுல வீட்டுக்குள்ள செய்யறாங்க. அங்க தரைக்கு அடியில சூடு தண்ணிக் குழாய் பதிப்பாங்க. கான்கிரீட் அடித்தளம், அதுமேல இன்சுலேஷன் போர்டு, அதுமேல குழாய், குழாயை மூடி ஸ்கிரீட். நம்ம மொட்டை மாடி அடுக்கும் அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாம மேல இருந்து வர்ற சூட்டைத் தடுக்கறோம், அவங்க சூடு கீழ மண்ணுக்குப் போகாம தடுக்கறாங்க.

தரையைச் சூடாக்கறது புது விஷயமும் இல்ல. ரோமானியர்கள் குளியல் கூடங்கள்ல தரையைக் குட்டித் தூண்கள் மேல நிறுத்தி, கீழ அடுப்புப் புகையை ஓட விட்டாங்க. கொரியாவுல 'ஓண்டோல்'ன்னு, சமையல் அடுப்போட சூட்டைத் தரைக்கு அடியில கொண்டுபோவாங்க. இன்னைக்கும் கொரிய அடுக்குமாடி வீடுகள்ல தரைதான் ஹீட்டர், அடுப்புக்குப் பதிலா சூடு தண்ணிக் குழாய்.

அங்க அடித்தளம் கோணலா இருந்தா என்ன ஆகும்? குழாய்க்கு மேல ஸ்கிரீட் கனம் ஒரு இடத்துல 40, இன்னொரு இடத்துல 80 மி.மீன்னு ஆயிடும். மெலிசான இடம் சீக்கிரம் சுடும், கனமான இடம் மணிக்கணக்கா சில்லுன்னு கிடக்கும். ஐரோப்பியத் தர விதிப்படி ஆள் புழங்கற இடத்துல தரையோட மேற்பரப்பு 29 டிகிரி தாண்டக் கூடாது. கனம் சீரா இல்லாட்டி இதைக் கட்டுப்படுத்தறது கஷ்டம். அதனாலதான் அங்க இன்சுலேஷன் வர்றதுக்கு முன்னாடியே அடித்தளத்தை அளந்து பார்க்கறாங்க.

நம்ம பக்கம் இதைத் தலைகீழாவும் செய்யறாங்க. ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்துல ஒரு கட்டடத்தை ரெண்டு பாதியா பிரிச்சு, ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி., இன்னொரு பாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள்ள குளிர்ந்த தண்ணிக் குழாய்னு வெச்சுப் பார்த்தாங்க. குழாய் வெச்ச பாதி சுமார் மூணுல ஒரு பங்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துச்சு. பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்துலயும் தரைக்கு அடியில குளிர்ந்த தண்ணி ஓடுது. நைனார்பாளையத்துக்குத் தரை ஹீட்டர் தேவைப்படாது, கல்வராயன் மலை மேலகூட மார்கழிக்கு ஒரு கம்பளி போதும். ஆனா அடித்தளப் பாடம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

மட்டம் வேற, சமம் வேற

இதை நான் மாடியில நின்னப்பதான் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு வார்த்தையையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறோம்.

மட்டம்னா கிடைமட்டம். ரசமட்டத்துல குமிழி நடுவுல நிக்கணும். சமம்னா மேடு பள்ளம் இல்லாம ஒரே பலகை மாதிரி இருக்கறது. சாய்ஞ்ச பலகைகூட சமமா இருக்கலாம், ஆனா மட்டமா இருக்காது. தண்ணி தேங்கின தோசைக்கல் மட்டமா இருக்கலாம், சமமா இருக்காது.

வீட்டுக்குள்ள தரைக்கு ரெண்டும் வேணும். மொட்டை மாடிக்குச் சமம் மட்டும்தான் வேணும், மட்டம் கூடவே கூடாது! தண்ணி வடியணும்ல? குறைஞ்சது 100-க்கு 1 சரிவு, முடிஞ்சா 80-க்கு 1. எங்க தளம் 30-க்கு 20 அடி. 20 அடிப் பக்கமா, அதாவது 6.1 மீட்டருக்கு, 61 மி.மீ இறங்கணும். நல்லவேளையா தளம் போடும்போதே தோராயமா அப்படி ஒரு சரிவு கொடுத்திருந்தாங்க. ஆனா அந்தச் சரிவு நேரா இல்லாம அலை அலையா இருந்துச்சு.

எவ்வளவு அலை வரைக்கும் பரவாயில்ல? பிரிட்டிஷ் தரத்துல இதுக்கு ஒரு எளிமையான சோதனை இருக்கு. 2 மீட்டர் நேரான சட்டத்தைத் தளத்துமேல வெக்கணும், கீழ எவ்வளவு இடைவெளி தெரியுதுன்னு பார்க்கணும். 3 மி.மீக்குள்ள இருந்தா முதல் தரம், 5 மி.மீ ரெண்டாம் தரம், 10 மி.மீ மூணாம் தரம். போர்டு போட 5 மி.மீக்குள்ள இருந்தா நிம்மதி. கையில ஸ்கேல் இல்லையா? சாதாரண பென்சில் சுமார் 7 மி.மீ தடிமன். சட்டத்துக்கு அடியில பென்சில் தாராளமா போய் வந்துச்சுன்னா வேலை இருக்குன்னு அர்த்தம்.

அளக்கறது: என் எக்செல் ஷீட்டும் மேஸ்திரியோட நூலும்

காலேஜ்ல டோட்டல் ஸ்டேஷன், ஆட்டோ லெவல் எல்லாம் தொட்டிருக்கேன். ஆனா ட்யூப் லெவலை அன்னைக்குத்தான் முதல்முறையா கையில பிடிச்சேன். 15 மீட்டர் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப், உள்ள தண்ணி, விலை ரொம்பக் கம்மி. ரெண்டு முனையிலயும் தண்ணி எப்பவும் ஒரே உயரத்துல நிக்கும். பேட்டரி வேணாம், சாஃப்ட்வேர் அப்டேட் வேணாம்.

அதுல ஏமாறவும் வழி இருக்கு. ட்யூப்புக்குள்ள காத்துக் குமிழி இருந்தா அளவு தப்பும். எங்கயாவது மடிஞ்சிருந்தாலும் தப்பும். தூக்கிட்டு நடக்கும்போது தண்ணி கொட்டாம ரெண்டு முனையையும் கட்டைவிரலால மூடுவோம், படிக்கும்போது ரெண்டையும் திறந்தே ஆகணும். நான் ஒரு முனையைத் திறக்க மறந்துட்டு 4 செ.மீ தப்பா மார்க் பண்ணேன். கூட வேலை செஞ்ச சித்தாள் அக்காதான், "கட்ட வெரல எடு கண்ணு"ன்னு சொன்னாங்க.

என் திட்டம் இதுதான். ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 70 புள்ளி. ஒவ்வொண்ணுலயும் உயரம் அளந்து, சரிவுக்கு எவ்வளவு இறங்கணுமோ அதைக் கழிச்சு, எக்செல்ல போட்டுக் கலர் அடிக்கறது. மேஸ்திரி சிரிச்சுக்கிட்டே வேற ஒண்ணு செஞ்சாரு. கைப்பிடிச் சுவர் சுத்தி ட்யூப் லெவல் வெச்சு ஒரே மட்டத்துல கோடு போட்டாரு. அப்புறம் மேட்டுப் பக்கச் சுவர்ல மட்டும் அந்தக் கோட்டை 61 மி.மீ மேல ஏத்தினாரு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நைலான் நூலை இழுத்துக் கட்டினாரு. இப்போ நூலே நமக்கு வேணுங்கற சரிவுல நிக்குது! நூல்ல இருந்து கீழ டேப் வெச்சா எல்லா இடத்துலயும் ஒரே அளவு வரணும். கூட வந்தா பள்ளம், குறைஞ்சா மேடு. கழித்தல் கணக்கே கிடையாது. நீளமான நூல் நடுவுல தொய்யும்ங்கறதால இடையில ஒரு முட்டு கொடுத்தாரு.

70 புள்ளியும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. மேட்டுக்குச் சாக்பீஸ்ல கூட்டல் குறி, பள்ளத்துக்குக் கழித்தல் குறி. தளமே எக்செல் ஷீட் ஆயிடுச்சு. உச்சி மேட்டுக்கும் அடிப் பள்ளத்துக்கும் 45 மி.மீ வித்தியாசம்.

நான் பண்ண பெரிய தப்பு

என் முதல் யோசனை: உச்சி மேட்டை அளவா வெச்சுக்கிட்டு, மத்த எல்லா இடத்தையும் அந்த உயரத்துக்குக் காரை போட்டு நிரப்பிடலாம். சராசரியா 20 மி.மீ கலவை. சுலபம்தானே? மேஸ்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "அவ்ளோ எடையை எது தாங்கும் பாப்பா?"

கணக்குப் போட்டேன். 600 சதுர அடின்னா சுமார் 56 சதுர மீட்டர். 20 மி.மீன்னா 1.1 கன மீட்டர் கலவை. கன மீட்டருக்கு 2100 கிலோன்னு வெச்சா கிட்டத்தட்ட 2.3 டன். ஆயா படுக்கற ரூமுக்கு மேல ஒரு பெரிய காரைவிட அதிகமான எடையை நிரந்தரமா நிறுத்தப் பார்த்திருக்கேன்! சதுர மீட்டருக்கு 42 கிலோ. ஆள் ஏறக்கூடிய கூரைக்கு ஐ.எஸ். 875 சொல்ற புழங்கு சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். அதுலதான் மனுஷங்க, காயப்போட்ட மக்காச்சோளம் எல்லாம் வரணும். நான் படிச்ச ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல இதே மாதிரி கணக்கை எத்தனை தடவை போட்டிருக்கேன். ஆனா பேப்பர்ல இருந்த 'நிலைச்சுமை'யும் என் கண் முன்னாடி இருந்த கலவைச் சட்டியும் ஒண்ணுன்னு மண்டையில ஏறல.

சரியான வழி: மேட்டைக் குறை, பள்ளத்தை மட்டும் நிரப்பு. மூணே மூணு திமில்தான் உச்சியில இருந்துச்சு. கிரைண்டர்ல கப் வீல் மாட்டி அதைத் தேய்ச்சு 15 மி.மீ இறக்கினதும், நிரப்ப வேண்டியது முக்கால் டன்னுக்குக் கீழ வந்துடுச்சு. தேய்க்கும்போது ஜாக்கிரதை, கம்பி வெளிய தெரியற அளவுக்குப் போகவே கூடாது. கம்பிக்கு மேல இருக்கற கான்கிரீட் மூடி போனா துரு பிடிக்கும். எவ்வளவு மூடி இருக்குன்னு தெரியாம கிரைண்டரைத் தொடாதீங்க. தூசிக்கு மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசியில இருக்கற சிலிக்கா நுரையீரலுக்கு எமன்.

ஒட்டுமொத்தமா சேர்ற எடையையும் பாத்துக்கங்க. நிரப்பின கலவை 13, போர்டு 2, ஸ்கிரீட் 105, டைல்ஸ் 40. மொத்தம் சதுர மீட்டருக்கு 160 கிலோ. பழைய முறையில 100 மி.மீ செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தா அதுவே 190 கிலோ பக்கம் வந்திருக்கும், தட்டோடு தனி. ஆனாலும் வரைபடத்தைக் காட்டி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சோம். நீங்களும் கேளுங்க. என்னை மாதிரி ஃபைனல் இயர் பொண்ணு சொன்னான்னு செஞ்சுடாதீங்க.

நிரப்பறது எப்படி?

1. சுத்தம். கான்கிரீட் மேல வெள்ளையா மாவு மாதிரி ஒரு படிவம் இருக்கும். தளம் போடும்போது மேல மிதந்து வந்த சிமெண்ட் பால்தான் அது. அதுமேல எதை ஒட்டினாலும் அதோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, பாசியைச் சுரண்டி, கழுவணும்.

2. ஓரத்தைக் கொத்தணும். பள்ளத்தோட விளிம்புல கலவையைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்து மெழுகினா அந்த மெலிசு ஓரம் முதல்ல உடையும். விளிம்பைச் சுத்திக் கொத்தி, கலவை உக்கார ஒரு சின்னப் படி கொடுக்கணும்.

3. நனைக்கணும், ஆனா தண்ணி நிக்கக் கூடாது. காஞ்ச கான்கிரீட் புதுக் கலவையோட தண்ணியை உறிஞ்சிடும். முந்தின நாள் ராத்திரியே நனைச்சு விட்டு, காலையில மேற்பரப்பு ஈரமா, ஆனா பளபளப்பு இல்லாம இருக்கறப்போ ஆரம்பிக்கணும்.

4. ஒட்டுப் பூச்சு. சிமெண்ட்டும் எஸ்.பி.ஆர். லேட்டக்ஸும் கலந்த கூழைப் பிரஷ்ல தேய்ச்சுப் பூசணும். அது காயறதுக்குள்ள கலவை போட்டாகணும். காஞ்சுட்டா ஒட்டறதுக்குப் பதிலா பிரிக்கற ஏடா மாறிடும்.

5. ஆழத்துக்கு ஏத்த கலவை. 10 மி.மீக்குள்ளன்னா பாலிமர் கலந்த ரெடிமேட் ரிப்பேர் கலவை. 10-ல இருந்து 40 வரைக்கும் 1:3 சிமெண்ட் காரை, லேட்டக்ஸ் சேர்த்து. அதுக்கும் மேலன்னா சின்ன ஜல்லி போட்ட கான்கிரீட். வீட்டுக்குள்ள தரைன்னா தானா பரவற செல்ஃப் லெவலிங் கலவை ஊத்தலாம். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீக்குச் சுமார் 1.7 கிலோ பிடிக்கும். ஆனா அது தானா மட்டத்துக்குத்தான் போகும், சரிவா நிக்காது. அதனால மொட்டை மாடிக்கு அது ஆகாது.

6. பொட்டு வெச்சு இழுக்கணும். நூலுக்குக் கீழ அங்கங்க சரியான உயரத்துல கலவைப் பொட்டு வெச்சு, பொட்டுக்குப் பொட்டு அலுமினியச் சட்டத்தை இழுத்து, மணியாசுக் கட்டையால தேய்க்கணும். பளபளன்னு மெழுக வேணாம். வாட்டர் ப்ரூஃபிங் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேணும்.

7. நேரம். எங்க ஊர் மே வெயில்ல 11 மணிக்குக் கலவை போட்டா கண் முன்னாடியே வெடிக்கும். காலை 6 மணிக்கு ஆரம்பிச்சு 9 மணிக்குள்ள முடிச்சோம். கோணிச் சாக்கு போட்டு, 7 நாள் தண்ணி விட்டோம். அந்த 7 நாளும் சாக்கை நனைச்சது பெரியப்பாதான், காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

8. காய விடணும். ஈரத்துமேல பூச்சு அடிச்சா கொப்புளம் வரும். ஒரு சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில அடியில வேர்த்திருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம். தரை ஹீட்டிங் போடற நாடுகள்ல ஸ்கிரீட்டுக்கு 1 மி.மீக்கு ஒரு நாள்னு கணக்கு வெச்சுக் காத்திருப்பாங்க. 50 மி.மீன்னா 50 நாள்!

9. தண்ணி கட்டிப் பாக்கணும். வாட்டர் ப்ரூஃபிங் முடிஞ்சதும் குழாயை அடைச்சு 48 மணி நேரம் தண்ணி நிறுத்தி, கீழ சீலிங்கைப் பாருங்க. போர்டு போட்டப்புறம் ஒழுக்கு கண்டுபிடிச்சா எல்லாத்தையும் பேர்த்தாகணும்.

கடைசியா ஆடுதா இல்லையா?

போர்டு போடற அன்னைக்கு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு முதல் போர்டு மேல நிக்கச் சொன்னாரு. நாலு மூலையிலயும் மாத்தி மாத்தி மிதிச்சேன், ஆடல. அடுத்தது, அதுக்கடுத்தது. ஓரமா ஒரு போர்டு மட்டும் லேசா டக் டக்னுச்சு. தூக்கிப் பார்த்தா அடியில ஒரு பொட்டுக் காரைத் துணுக்கு. சுரண்டிட்டு வெச்சதும் அமைதி. எந்த மெஷினும் இல்லாம நீங்களே செய்யக்கூடிய கடைசிப் பரிசோதனை இது, விட்டுடாதீங்க.

தளத்தைச் சரி பண்ண ஆன செலவைக் கேட்டு முதல்ல முகம் சுளிச்ச பெரியப்பா, முதல் மழையில மாடியில நின்னுக்கிட்டு தண்ணி நேரா குழாய்க்கு ஓடறதைப் பத்து நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. ஆயா இந்த வருஷம் மதியம் மாடி ரூம்லயே தூங்கறாங்க. ஃபேனை வேகமா வெச்சா "குளுருது, கொறைடி"ன்னு திட்டு வேற.

டைல்ஸ் போட்டப்புறம் அடியில இருக்கற இந்த வேலையை யாருமே பார்க்கப் போறதில்ல. அதனாலதான் இதுல கை வெச்சுக் காசை மிச்சம் பிடிக்கத் தோணும். அடுத்த தடவை ஊருக்குப் போனா ஒரு நேரான சட்டமும் ஒரு பென்சிலும் எடுத்துக்கிட்டு உங்க மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்க. பென்சில் எங்கெல்லாம் நுழையுதோ அங்க சாக்பீஸ்ல ஒரு குறி போடுங்க. வீட்டுல யாராவது "என்ன பண்ற?"ன்னு கேட்டா, படிச்சது ஞாபகம் இருக்கான்னு பாக்கறேன்னு சொல்லுங்க.